விசா வேண்டாம், படிவம் வேண்டும்

சிங்கப்பூருக்குப் போக யாழ்ப்பாணத்துக்காரருக்கு விசா தேவையில்லை, மதுரைக்காரருக்குத் தேவை. மலேசியாவுக்குப் போக மதுரைக்காரருக்கு விசா தேவையில்லை, யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தேவை. பத்துமலை முருகனைப் பார்க்க ஒருவர் இ-விசாவுக்குப் பணம் கட்டிக் காத்திருக்கும்போது, மற்றவர் டிக்கெட் எடுத்த கையோடு கிளம்பிவிடலாம். செராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைப் பார்க்க வேண்டுமென்றால் கதை தலைகீழ். மதுரைக்காரர் அங்கீகாரம் பெற்ற முகவர் ஒருவரைப் பிடித்து, முப்பது சிங்கப்பூர் டாலர் கட்டணம் செலுத்தி, இ-விசா வாங்கியாக வேண்டும்.

ஆனால் விமானம் ஏறும் நாள் நெருங்கும்போது இருவரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். 2024 ஜனவரி 1 முதல் மலேசியா தன் மின் வருகை அட்டையைக் கட்டாயமாக்கிவிட்டது. சிங்கப்பூரில் காகித அட்டை 2020இலேயே போய் மின் அட்டை வந்துவிட்டது. தாய்லாந்து 2025 மே 1இல் சேர்ந்துகொண்டது. விசா உண்டோ இல்லையோ, புறப்படும் முன் இணையத்தில் ஒரு படிவம் உண்டு. ‘விசா ரத்து’ என்ற செய்தியைப் படித்தவர்கள் பலரும் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை. விமான நிறுவனத்தின் கவுண்டரில்தான் அது தெரியவருகிறது.

வருகை அட்டை மட்டுமல்ல, பயண அனுமதியையே மின்வழியாக்கும் ஏற்பாட்டுக்கு வழிகாட்டிய நாடு ஆஸ்திரேலியா. பாஸ்போர்ட்டில் முத்திரை ஒட்டாமல் கணினியில் மட்டும் பயண அனுமதியைப் பதிந்துவைக்கும் முறையை அது 1996இல் கொண்டுவந்தது. அமெரிக்கா, விசா விலக்குப் பெற்ற நாட்டவர்களுக்கு 2009 ஜனவரியில் இதைக் கட்டாயமாக்கியது. தெற்காசியாவில் இந்தியாவைவிட இலங்கை இதில் முந்திக்கொண்டது என்பது தமிழ்நாட்டில் பலருக்கு வியப்பாக இருக்கும். கொழும்பு இடிஏ எனப்படும் தன் மின் பயண அனுமதி முறையை 2012 ஜனவரி 1இல் தொடங்கியது. டெல்லி தன் முறையை 2014 நவம்பர் 27இல், 43 நாடுகளுக்குத் தொடங்கியது. அந்த முதல் பட்டியலில் இலங்கை இல்லை. 2015 மார்ச்சில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த பிரதமர் மோடி, புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கும் இந்த வசதி உண்டு என்று அறிவித்துவிட்டுப் போனார்.

ஆக இரு கரைகளுக்கும் நடுவே பத்தாண்டுக்கு மேலாக இரண்டு மின் அனுமதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஆனால் அவற்றுக்குத் தயாராகும் விதம் வேறு, ஏனென்றால் இரண்டு படிவங்களும் கேட்கும் கேள்விகள் வேறு.

இலங்கையின் படிவம் சின்னது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அதன் காலாவதி, வரும் நாள், எங்கிருந்து வருகிறார், எங்கே தங்குவார். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். புகைப்படத்துக்கு ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டியதில்லை. பதில் மின்னஞ்சலில் வரும். முப்பது நாள் தங்கலாம்.

இந்தியாவின் படிவம் ஒரு குடும்ப வரலாறு. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலோ உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். (இந்தத் திருநெல்வேலி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.) மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கச் சென்னை போகும் ஒரு தாய் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார். கடைப் பொடியன் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அப்பாவின் முழுப்பெயர், அவர் பிறந்த ஊர், நாடு. அம்மாவுக்கும் அதே. சமயம், படித்த படிப்பு. தேசிய அடையாள அட்டை இலக்கம். கடந்த பத்து ஆண்டுகளில் போன நாடுகள். இந்தியாவுக்கு முன்பு போயிருந்தால் அப்போது தங்கிய முகவரி, பழைய விசா இலக்கம். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் பிரசைகளாக இருந்தார்களா என்று ஒரு கேள்வி. பொலிஸிலோ இராணுவத்திலோ வேலை செய்ததுண்டா என்று இன்னொன்று. நடுவில் இது வரும்:

“அம்மா, உங்கட முகத்திலயோ கையிலயோ ஏதும் தழும்பு, மச்சம் இருக்கோ?”

“அதேன் தம்பி அவைக்கு?”

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி யாரையும் திடுக்கிட வைக்காது. பள்ளி மாற்றுச் சான்றிதழிலேயே அங்க மச்ச அடையாளங்கள் இரண்டு எழுதி வளர்ந்தவர்கள் அவர்கள். இலங்கையருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், வெற்றாக விட்டுவிடப் பார்ப்பார்கள். படிவம் விடாது. ஒரு நாட்டின் அலுவலக வழக்கம் அப்படியே இன்னொரு நாட்டுக்காரரின் பயணப் படிவத்துக்குள் புகுந்துகொள்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்தது படம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எடுத்த 35க்கு 45 மில்லிமீட்டர் படம் இந்தியாவுக்கு உதவாது. இந்திய விசாவுக்குச் சதுரப் படம் வேண்டும். அச்சில் என்றால் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், இணையத்தில் என்றால் நீளமும் அகலமும் சமம். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாத முகம். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை பிடிஎஃப் கோப்பாக ஏற்ற வேண்டும், அதுவும் 300 கேபிக்குள். கைபேசியில் எடுத்த படம் இதைப்போல் பத்து மடங்கு இருக்கும். அதைச் சுருக்கும்போது எழுத்து மங்கிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். இலங்கைத் தரப்பில் இந்திய இ-விசாவுக்கான தயாரிப்பு என்பது பாதிக்கு மேல் இந்தச் சதுரப் படமும் கேபி கணக்கும்தான்.

காலக் கணக்கும் ஒன்று உண்டு. முப்பது நாள் இந்திய இ-விசாவுக்குப் பயணத் தேதிக்கு முப்பது நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. கடைசி நான்கு நாளுக்குள்ளும் கூடாது. நடுவில் உள்ள இருபத்தாறு நாள்தான் வாசல். அந்த வாசலிலும் எல்லாத் துறைமுகத்துக்கும் எல்லா விமான நிலையத்துக்கும் அனுமதி இல்லை. இ-விசாவை ஏற்கும் இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சென்னையும் திருச்சியும் அதில் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியிலிருந்து திருச்சிக்கும் நேரடி விமானம் வந்துவிட்டதால் வடக்கிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரையிலான அலைச்சல் மிச்சம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போக விரும்புவோர், அன்றைய பட்டியலில் அந்தத் துறைமுகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுப்பது நல்லது. வெளியேறும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதில் தனி வகை. சென்னை மருத்துவமனைகளுக்கு இலங்கையிலிருந்து போவோர் எப்போதும் உண்டு. “எப்படியும் போய் இறங்குவம், சுற்றுலா விசா காணும்” என்ற நினைப்பு அவர்களிடம் பழகிப்போன ஒன்று. மருத்துவ இ-விசா என்று தனியாக இருக்கிறது. மருத்துவமனையின் கடிதம் வேண்டும். கூடப் போக இரண்டு பேருக்கு உதவியாளர் விசா கிடைக்கும். அறுவைச் சிகிச்சை என்றால் தங்கும் நாள் நீளும். அங்கே போனபின் விசா வகையை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போவது ஆபத்தான சூதாட்டம். கடிதத்துக்கு ஒரு வாரம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

இனி எதிர்க்கரை.

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிறவர் தயாராவதே இல்லை என்று சொன்னால் கோபம் வரலாம். ஆனால் உண்மைக்கு அதிக தூரமில்லை. பெரும்பாலோர் குழுவாகப் போகிறார்கள்: திருக்கோணேஸ்வரம், நுவரெலியா சீதை கோயில், கண்டி, கதிர்காமம், நல்லூர் என்று ஐந்தாறு நாள். நாற்பது பேரின் பாஸ்போர்ட் நகலையும் டிராவல்ஸ்காரர் வாட்ஸ்ஆப்பில் வாங்கிக்கொள்வார். இடிஏ எடுப்பது அவர் பாடு. படிவம் எந்தத் தளத்தில் இருக்கிறது, தன் பெயரை எப்படி அடித்தார்கள் என்பதெல்லாம் பயணிக்குத் தெரியாது. தனியாகப் போகிறவரின் நிலைமை வேறு. அவர் செய்தியை நம்பிப் போகிறவர். சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல் இது:

“சார், ஸ்ரீலங்கா இடிஏ எடுத்திருக்கீங்களா?”

“இந்தியாக்காரங்களுக்கு ஃப்ரீன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களேம்மா?”

“ஃப்ரீதான் சார். ஆனா அப்ளை பண்ணியிருக்கணும்.”

2023 அக்டோபரில் இலங்கை அமைச்சரவை இந்தியா, சீனா, ரஷ்யா, மலேசியா, ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவர்க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடியானது கட்டணம் மட்டும். விண்ணப்பம் அப்படியே இருந்தது. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டுத் தலைப்புச் செய்திகள் ‘இனி விசா தேவையில்லை’ என்று விழுங்கிவிட்டன. கொழும்பில் கட்டண விலக்குப் பெறும் நாடுகளின் பட்டியல் அதன்பிறகும் பலமுறை திருத்தி அறிவிக்கப்பட்டது. எனவே போன வருடம் போய்வந்த மைத்துனர் சொல்வது இந்த வருடத்துக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

இலங்கைப் பக்கத்தின் பெரிய குளறுபடி 2024இல் நடந்தது. மொபிடெல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பன்னிரண்டு ஆண்டு ஓடிய இடிஏ தளத்தை அந்த ஏப்ரலில் நிறுத்திவிட்டு, வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பு ஒன்றிடம் இ-விசா வேலையை அரசு ஒப்படைத்தது. சேவைக் கட்டணமெல்லாம் சேர்த்து ஒரு சுற்றுலா விசாவுக்கு நூறு டாலர் வரை ஆனது. மே 1ஆம் தேதி கட்டுநாயக்கா வருகை மண்டபத்தில் ஒருவர் எழுப்பிய சத்தம் காணொளியாக நாடெங்கும் சுற்றியது: நம் நாட்டு விசாவை வேறு நாட்டு நிறுவனம் ஏன் கொடுக்கிறது என்று. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களான எம். ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்திப் பழையதற்குத் திரும்பச் சொன்னது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் திரும்பவில்லை. செப்டம்பர் 25இல் அதன் கட்டுப்பாட்டாளர் நாயகம் நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்டார். இரண்டொரு நாளில் பழைய இடிஏ தளம் திறந்துவிட்டது!

அந்த ஐந்து மாதமும் தமிழ்நாட்டு டிராவல்ஸ்காரர்கள் எந்தத் தளத்தில் விண்ணப்பிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒரு தளத்தில் எடுத்த அனுமதி மற்றதில் செல்லுமா என்று கவுண்டரில் உள்ளவருக்கும் சந்தேகம். இந்தியாவின் படிவம் நீளம், எரிச்சலூட்டும். ஆனால் பத்தாண்டாக அதே தளத்தில், அதே வரிசையில் இருக்கிறது. ஒருமுறை நிரப்பியவர் மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம். இலங்கையின் படிவம் எளிது, ஆனால் விதி நிலைத்து நிற்பதில்லை. எது மேல் என்று கேட்டால், பயணிக்கு நீளமான நிலையான படிவமே மேல். கேள்வி எத்தனை இருந்தாலும் முன்கூட்டித் தயாராகலாம். மாறிக்கொண்டே இருக்கும் விதிக்குத் தயாராக வழியே இல்லை.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2025 செப்டம்பர் 1இல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது; 1920, 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள் அதோடு போயின. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 1 முதல், இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவர்க்கு மின் வருகை அட்டை வந்தது. கட்டணம் இல்லை, எதையும் பதிவேற்றத் தேவையில்லை. ஆனால் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். விசா கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த யாழ்ப்பாணத் தாய்க்கு இது இரண்டாவது படிவம்.

இங்கேதான் இரு நாட்டாரின் பழக்கமும் ஒரே இடத்தில் இடறுகிறது. நம்மவர்கள் பயணம் என்றால் பத்து நாள் முன்பே காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கிவிடுவார்கள். வருகை அட்டையோ அப்படி முன்கூட்டி நிரப்ப விடாது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா எல்லாமே கடைசி மூன்று நாளைத்தான் திறந்துவைக்கின்றன.  நமக்கோ கடைசி மூன்று நாள் என்பது பெட்டி கட்டும் நாள், முறுக்கு சுடும் நாள், உறவினர் கொடுத்தனுப்பும் பொதிகளை எடை பார்க்கும் நாள். படிவங்கள் எல்லாம் முடிந்தன என்று பத்து நாளுக்கு முன்பே மனத்தில் கோடு போட்டாகிவிட்டது. ஆகவே வருகை அட்டை மறந்துபோகிறது. திரும்பி வரும் தேதியைப் போலவே அந்த அட்டை நாளையும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

மறந்தவரை ஏன் விமான நிறுவனம் தடுக்கிறது? அது கண்டிப்பான ஆள் என்பதால் அல்ல. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டமே ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் விதித்தது. அதனால்தான் குடியேற்ற அதிகாரியைவிடச் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் அதிகம் கேள்வி கேட்கிறார். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. திரையில் பச்சை வராவிட்டால் அவரால் போர்டிங் பாஸ் அடிக்கவே முடியாத இடங்களும் உண்டு.

பெயர் விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மின் அனுமதிகளில் தமிழர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது அங்கேதான். தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். பாஸ்போர்ட் அலுவலகம் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும்போது, சிலர் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார்கள், சிலர் தம் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள், சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி. காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. பிறகு, இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகி இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அந்தக் கடைசிப் பக்கம் பலருடைய துபாய்ப் பயணத்தைக் காப்பாற்றியது.

இலங்கைக் கடவுச்சீட்டில் பெற்றோர் பெயருக்குத் தனிப் பக்கம் கிடையாது. அதற்குப் பதில் தொழிலும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் முதல் பக்கத்திலேயே இருக்கும். அங்கே தமிழர்கள் பெரும்பாலும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் தம் பெயரை மற்றப் பெயராகவும் பதிவதால் கட்டம் காலியாக இருப்பது குறைவு. அவர்களுக்கு வரும் சிக்கல் எழுத்துக்கூட்டல். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. அதோடு இருபத்தைந்து எழுத்துப் பெயர்கள். விமான டிக்கெட்டில் வால் வெட்டுப்படும். இடிஏயில் முழுதாக இருக்கும். கவுண்டரில் இரண்டையும் ஒப்பிடும்போது தலைவலி. இரு நாட்டாருக்கும் பொருந்தும் வழி ஒன்றுதான்: படத்துக்குக் கீழே, பாஸ்போர்ட்டின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகி இருக்கிறதே, அதைப் பார்த்து எழுத வேண்டும். இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். ஊரில் எப்படி எழுதுகிறோம் என்பது இங்கே செல்லாது.

பாஸ்போர்ட் எண்ணும் அப்படியே. பெரும்பாலான மின் அனுமதிகள் ஆளோடு கட்டப்பட்டவை அல்ல, அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. அனுமதி எடுத்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். காலாவதிக்கு ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது இதனால்தான் முக்கியம். அந்தப் புதுப்பித்தலில் தமிழ்நாடு இன்று முன்னே நிற்கிறது. சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல அலுவலகங்களோடு தபால் நிலையங்களிலும் சேவை மையங்கள் வந்துவிட்டன. போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான் இழுக்கும். இலங்கையில் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலக வாசலில் இரவிரவாக மக்கள் படுத்துக் கிடந்தார்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டே தட்டுப்பாடாகிப் போனது. அந்த ஆண்டு பெப்ரவரியில் சாதாரணச் சேவைக் கட்டணம் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாயாக இரட்டித்தது. வடக்குக்கு வவுனியா அலுவலகம்தான் கதியாக இருந்தது. 2025 செப்டம்பர் 1இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் ஓர் அலுவலகம் திறந்தபின் அந்த அலைச்சல் குறைந்தது. அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் படம் எடுத்தால் அவர்களே திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவது இலங்கையில் உள்ள நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டில் சேவை மையத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள்.

ஐரோப்பா என்று வந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஷெங்கன் நாடுகளுக்கு இருவருக்கும் விசா வேண்டும். ஆனால் இலங்கையர் ஐரோப்பாவுக்குள் நுழையாமல், பாரிஸிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாறி ரொறன்ரோ போனாலும்கூட, பொது விதிப்படி விமான நிலைய இடைத்தங்கல் விசா என்று ஒன்று தேவை. அந்தப் பொதுப் பட்டியலில் உள்ள பன்னிரண்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா அதில் இல்லை. தனித்தனி நாடுகள் வேண்டுமானால் கேட்கலாம். கனடா, அமெரிக்கா விசா உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு என்றாலும், மலிவான டிக்கெட் என்று பார்த்து வாங்கும் முன் இலங்கையர் இடைத்தங்கல் எந்த ஊரில் என்று பார்த்தே ஆக வேண்டும். வளைகுடா வழியாகப் போகும் விமானங்களை யாழ்ப்பாணத்து முகவர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியருக்கோ 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஒரு சலுகை கொடுத்தது: முன்பு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு, அதன்பின் ஐந்து ஆண்டுப் பலமுறை விசா.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த விதிகள் விசித்திரமாகக் கலக்கின்றன. ரொறன்ரோவில் கனடியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகன் லண்டனில் உள்ள தம்பியைப் பார்க்கப் போக, 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனின் இடிஏ எடுக்க வேண்டும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகளுக்கு அது ஏப்ரல் 2இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இடிஏ பொருந்தாது. அவர் முழு விசாவுக்குக் கைரேகை கொடுத்தாக வேண்டும். “அண்ணா பத்து நிமிசத்தில எடுத்தவர், அம்மாவுக்கும் அப்பிடி எடு” என்று தொலைபேசியில் சொல்லும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது முகவர்களின் அன்றாட வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த மின் அனுமதி, இருபது யூரோ கட்டணத்தில், 2026இன் கடைசிக் காலாண்டில் வருவதாக அறிவிப்பு. அதுவும் விசா விலக்குப் பெற்ற நாட்டவர்க்கே. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கு அதை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. அவர்களைத் தொடுவது 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை. விசா இருந்தாலும் எல்லையில் முகமும் பயணத் தேதிகளும் கணினியில் பதிவாகும். அதற்கு முன்கூட்டி எதுவும் செய்யத் தேவையில்லை, விமானம் மாற நேரம் கொஞ்சம் கூடுதலாக விட்டால் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சேரும் நாடு கேட்கும் அனுமதியோடு சொந்த நாடு கேட்கும் அனுமதியும் உண்டு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போக முடியாது. பத்தாம் வகுப்பா பட்டமா என்ற பேதமில்லை. இந்தியாவில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதற்கும் இப்போது இணையத்தளம் உண்டு. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர்கள் இரு நாட்டிலும் இந்த ஓட்டையைத்தான் விற்கிறார்கள்.

படிவங்கள் இணையத்துக்குப் போனதும் இடைத்தரகர் ஒழிந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் இடம் மாறிக்கொண்டார், அவ்வளவுதான். தூதரக வாசலில் நின்றவர் இன்று யாழ்ப்பாணத்தில் கொமியூனிகேஷன் கடையிலும் தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டரிலும் இருக்கிறார். ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து மிரளும் ஒருவருக்கு அவர் செய்யும் உதவி உண்மையான உதவி. கேட்கும் இருநூறு முந்நூறு ரூபாயைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கரையிலும் ஒரே பிழைதான் நடக்கிறது: மின்னஞ்சல் கட்டத்தில் கடைக்காரர் தன் முகவரியைப் போட்டுவிடுகிறார். அனுமதியோ, கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதமோ கடைக்குப் போய்ச் சேரும். வெள்ளி மாலை வந்த மின்னஞ்சலைத் திங்கள் காலைதான் கடை திறந்து பார்ப்பார்கள். பயணம் ஞாயிற்றுக்கிழமை. பேரப்பிள்ளையின் முகவரியாவது இருக்க வேண்டும் என்று சொல்லி எழுதவைப்பதும், தற்காலிக விண்ணப்ப எண்ணை ஒரு துண்டில் எழுதி வாங்குவதும், சமர்ப்பிக்கும் முன் கடவுச்சீட்டையும் திரையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதும் வாடிக்கையாளரின் வேலை.

இன்னொரு வகைத் தரகர் முகம் காட்டாதவர். தேடுபொறியில் நாட்டின் பெயரையும் விசா என்றும் தட்டினால் முதலில் வருவது பல சமயம் தனியார் தளம். அரசு முத்திரை மாதிரி ஒரு படம், தேசியக் கொடி, அவசரச் சேவை என்று ஒரு பெட்டி. வருகை அட்டைகளுக்கு மேலே சொன்ன நாடுகள் பணம் வாங்குவதில்லை. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா நான்கும் இலவசம். இந்த அட்டைகளுக்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வரலாம். இலங்கையின் தளம் ‘கவ் டாட் எல்கே’ என்றும், இந்தியாவின் தளம் ‘கவ் டாட் இன்’ என்றும் முடிய வேண்டும்.

பயணத் தேதி முடிவானவர்கள் இன்றே செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் இல்லையென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பிறகு போகும் நாட்டின் அரசுத் தளத்தைத் திறந்து, உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இந்தியரோ இலங்கையரோ கனடியரோ, அவருக்குள்ள விதி உங்களுக்கு ஆகாது. விசாவையோ இடிஏயையோ எடுத்து முடித்தபின், விமானத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வருகை அட்டையை நிரப்புங்கள். அனுமதிக் கடிதத்தைக் கைபேசியில் வைத்திருந்தாலும் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். கவுண்டருக்குப் போகும்போது கைபேசியில் சார்ஜ் இல்லை என்ற காரணத்தை எந்த விமான நிறுவனமும் ஏற்பதில்லை.